இரண்டு பைச் சட்டை

"வழக்கம்போல ரெண்டு பைதானே சார்?" டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு தையல்காரர் கேட்டார்.

"ஒண்ணு போதும்," கணவரை முந்திக்கொண்டு மனைவி சொன்னாள். "மிட்டாய் சுமக்கிற உத்தியோகம் இவருக்கு இன்னையோட முடிஞ்சுது."

சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. மருந்து கொஞ்சம் கூடிப்போனாலும் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். இறங்கினால் வேர்த்துக் கொட்டும், காரணமே இல்லாமல் கோபம் பொத்துக்கொண்டு வரும். உடனே வாயில் ஒரு மிட்டாய் போட வேண்டும்.

போன வருடம் ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்தாள். ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்தெடுத்த உயிரணுக்களை அவள் உடம்பில் வைத்தார்கள். அவை இப்போது தாமாகவே இன்சுலின் சுரக்கின்றன. இனி ஊசியும் வேண்டாம், மிட்டாயும் வேண்டாம் என்று டாக்டர் இன்று காலையில்தான் சொன்னார்.

தையல்காரர் அளவு நோட்டைத் தேடி உள்ளே போனார்.

"ஞாபகமிருக்கா? கல்யாணமான புதுசுல, பஸ் ஸ்டாப்புல நாலு பேர் பாக்க என்னைக் கிழிகிழின்னு கிழிச்சியே," கணவர் சிரித்தார்.

"தப்பான பஸ்ஸுல ஏத்திவிட்டா கொஞ்சுவாங்களா?"

"வேர்த்து விறுவிறுத்து அங்கேயே உக்காந்துட்ட. யாரோ ஒரு மிட்டாய் கொடுத்தாங்க. தின்னுட்டு, 'நான் பேசலைங்க, சுகர் பேசுச்சு'ன்னியே."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தச் சண்டையும் மிட்டாய்த் தாளைத் தாண்டியதில்லை. அவள் சீறுவாள், அவர் கை பைக்குள் போகும், பழி சர்க்கரையின் தலையில் விழும்.

அவள் முகம் வாடியது. இனி பழியை யார் தலையில் போடுவது?

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"பாதி நாள் எனக்குச் சுகர் இறங்கவே இல்ல. பேசினது நானேதான். இனிமே நான் கத்தினா... தாங்குவீங்களா?"

அவர் பதில் சொல்லுமுன் தையல்காரர் வந்துவிட்டார். "அப்ப ஒரு பைதானா சார்?"

"ஆமா. வலது பை வேண்டாம், இடது பை மட்டும் வைங்க."

"ஏன் சார், இடதுல என்ன விசேஷம்?"

"இவ கத்தும்போது மேலுதட்டுல வேர்வை பூத்தா வலது பையிலேர்ந்து மிட்டாய் எடுப்பேன். வேர்க்கலேன்னா இடது பை," என்றார் அவர், மனைவியைப் பார்த்துக்கொண்டே. "அதுல வெச்சிருக்கிறது சர்க்கரை இல்லாத மிட்டாய்."