ஆர்கனுக்கு இறங்கிய கருப்பு

டப்பென்று வெடித்தது உறுமி.

உறுமிக்காரர் கிழிந்த தோலையும் கையிலிருந்த வளைந்த குச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். மத்தியானத்திலிருந்து அவர் தேய்க்காத தேய்ப்பில்லை. சாமிதான் இறங்கவில்லை.

கருப்பசாமி கோயில் வாசலில் கூட்டம் மூச்சு விடாமல் நின்றது.

நடுவில் சாமியாடி மலையாண்டி. காலில் சலங்கை, கையில் அரிவாள், கழுத்து கொள்ளாமல் மாலை. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இப்படித்தான் மரம் போல நின்றார். இந்த முறை பொழுது சாய்வதற்குள் இறங்காவிட்டால் சலங்கையைக் கழற்றிப் பங்காளி வீட்டுக்குக் கொடுத்துவிடுவது என்று ஊர் முடிவு செய்திருந்தது.

அப்படிக் கழற்றிவிட்டால் கருப்பு அவரைக் கைவிட்டதாக அர்த்தம். அதற்கப்புறம் அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. என்ன பாவம் செய்தாரோ என்று பெண்கள் பக்கம் இப்போதே பேச்சு.

கோயிலுக்கு எதிரே தார் டின்களின் மேல் பலகை அடித்து ஒரு மேடை. இரவுக் கச்சேரிக்காக மதுரையிலிருந்து வந்த மெல்லிசைக் குழு, ஜெனரேட்டரைப் போட்டு மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தது. மேடை ஓரத்தில் ஆர்கனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிருபாகரன் மலையாண்டியின் முகத்தையே பார்த்தான்.

தான் படித்தது எதுவுமே கேள்வித்தாளில் வராத மாணவனின் முகம் அது.

கிருபாகரன் பசுமலை தேவாலயத்து உபதேசியார் மகன். எமர்ஜென்சி முடிந்த வருடம் தன் நாட்டுக்குத் திரும்பிய ஓர் அமெரிக்கர் அவனுக்கு விட்டுப்போனது அந்த எலெக்ட்ரிக் ஆர்கன். பீரோ கனம். காலால் மிதித்தால் கப்பல் சங்கு போல முழங்கும் மரக்கட்டைகள் வரிசையாக. கூடவே ஓர் அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள். ப்ளூஸ், ராக், ஃபங்க். எல்லாவற்றிலும் ஆர்கன்தான் ராஜா.

ஊசி தேயத் தேயக் கேட்டு அத்தனையையும் விரலுக்குக் கொண்டுவந்துவிட்டான். வாசிக்கத்தான் இடமில்லை. வீட்டில் அப்பா அதைப் பேய்ப்பாட்டு என்றார். குழுவில் சினிமாப் பாட்டுக்குப் பின்னால் பூசி மெழுகுவதோடு சரி. கொஞ்சம் எல்லை தாண்டினால் குழுத் தலைவன் காசிமாயன் மேடையிலேயே முறைப்பான்.

ஊர்ப் பெரியவர் மொக்கைச்சாமி மேடைக்கு வந்தார். டி. கல்லுப்பட்டிக்கு ஆள் அனுப்பி வேறு உறுமி கொண்டுவருவதற்குள் இருட்டிவிடும், உங்களிடம் உறுமுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

காசிமாயன் டிரம்ஸை அடிக்கவிட்டான். கூட்டம் தலையாட்டியது. தூரத்தில் நின்ற மலையாண்டி அசையவில்லை.

காசிமாயன் ஆர்கன் பக்கம் திரும்பினான்.

"மாப்ள, அந்தக் கப்பல் சங்கை ஊதுடா. இன்னைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கிருபாகரன் இடது காலால் கடைசிக் கட்டையை மிதித்தான். மிதித்த காலை எடுக்கவில்லை.

அடிவயிற்றிலிருந்து வருவது போல ஓர் உறுமல் கிளம்பிற்று. மேடை விளக்கு ஒரு முறை மங்கி எரிந்தது. அதன் மேல் வலது கை மெதுவாக அழ ஆரம்பித்தது. ப்ளூஸ். யாரும் பாதியில் நிறுத்தச் சொல்லாமல் அவன் ஒருநாளும் வாசித்திராத ப்ளூஸ்.

பிள்ளைகள் சில சிரித்தன. கூட்டம் விழித்தது.

மொக்கைச்சாமி மலையாண்டியின் தோளைத் தொட்டு மேடைப் பக்கம் அழைத்து வந்தார். வந்தவர், நிற்க முடியாதவர் போல மேடைப் பலகையில் கையை ஊன்றினார்.

எடுத்தார். மறுபடியும் ஊன்றினார்.

பிறகு யாரையும் கேட்காமல் மேடையில் ஏறினார். வெறுங்காலோடு ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

கிருபாகரனுக்குச் சிலிர்த்தது. தன் வாசிப்பைக் கேட்டு ஒரு மனிதன் கண் மூடுவதை அன்றைக்குத்தான் பார்க்கிறான். கட்டைகளை மாற்றி மாற்றி மிதித்தான். ப்ளூஸ் சூடேறி ராக் ஆயிற்று.

முதலில் சலங்கை மட்டும் கலகலத்தது. அப்புறம் முழங்கால். அப்புறம் ஆளே குலுங்கினார். தொண்டை கிழிய ஒரு சத்தம் போட்டுக்கொண்டு அரிவாளைத் தூக்கினார் பாருங்கள், கூட்டம் அப்படியே தரையில் விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

கருப்பு ஆடிற்று. கண்மாய் நிறையும் என்று வாக்குச் சொல்லிற்று. மொக்கைச்சாமி அழுதார். சலங்கையைக் கழற்றும் பேச்சை அப்புறம் ஒருவரும் எடுக்கவில்லை.

பொழுது சாய்ந்து, கூட்டம் பொங்கல் பானைகளின் பக்கம் போனது. மேடைக்குப் பின்னால் இளநீர் குடித்துக்கொண்டிருந்த மலையாண்டி, கிருபாகரனைக் கை காட்டிக் கூப்பிட்டுத் திருநீறு கொடுத்தார். உபதேசியார் மகன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

நன்றி சொல்ல வேண்டியது தான்தான் என்று அவனுக்குப் பட்டது. சொன்னான். பெற்ற அப்பாவே காதைப் பொத்திக்கொள்ளும் பாட்டு இது, முழுசாக நின்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான், சாகும்வரை மறக்க மாட்டேன் என்றான்.

மலையாண்டி அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் அவன் கைகளைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் பக்கம் குனிந்தார்.

"ஊருக்குத் தெரிய வேணாம் தம்பி. காது ரெண்டும் செத்துப்போயி ரெண்டு வருசமாச்சு. உன் பாட்டு எனக்கு உள்ளங்கால் வழியாத்தேன் ஏறுச்சு."