ஜன்னல் மூலையில் ஒரு கட்டைவிரல்

விரலை எடுத்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய எங்கள் வேனுக்குள் மூச்சைப் பிடித்தபடி நிற்கிறேன். வெளியே அப்பா ஜன்னல்மேல் குடம் குடமாக ஊற்றுகிறார். ஒரு சொட்டு ஒழுகினாலும் நாளைக்குக் கன்னியாகுமரிப் பயணம் கிடையாதாம். ஒழுகினால் தெரியட்டும் என்று அப்பா ஜன்னலின் உள் ஓரத்தில் தூவிய கோலமாவு ஒரு மூலையில் மட்டும் நனைந்து குழைகிறது. அங்கேதான் என் கட்டைவிரல். கண்ணாடியில் வழியும் நீரில் வெயில் நெளிந்து, என் பாவாடையெங்கும் மீன்குஞ்சாக ஓடுகிறது. “ஒழுகுதா ஆத்தா?” என்கிறார் அப்பா. “இல்லப்பா!” அம்மா வெளியிலிருந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிச் சிரிக்கிறாள். “நல்லா ஊத்துறீக போங்க! உள்ள ஒங்க மக வெரலால அடைச்சிக்கிட்டு நிக்கிறா!” அப்பா எட்டிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் குடம் சாய்ந்து அவர் வேட்டி நனைகிறது. சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் பட்டையோடு உள்ளே ஏறுகிறார். “இத வச்சு அடைப்போம். இதும் ஒழுகுனா, கன்னியாகுமரி வரைக்கும் வெரல எடுக்காம வருவியா?”