சில்லில் காய்ந்த செம்மண்

அச்சுவேலிக் கராச்சின் தகரக் கூரைக்குள் மத்தியான வெக்கை எண்ணெய் மணத்தோடு நிற்கிறது. "பாருங்கோ டொக்டர் அம்மா, உங்கடை காரின்ரை பிறேக் பட்டை. நாலு சில்லுக்கும் மாத்த நாப்பது ரூபாய்," என்று தேய்ந்த பட்டை ஒன்றை மெக்கானிக் ஏரம்பு நீட்டுகிறார். பிள்ளைப்பேற்று வீடுகளுக்குத் தானே காரோட்டிப் போகும் ரேச்சல் அதை வாங்காமல் சில்லைக் குனிந்து பார்க்கிறாள். முந்தாநாள் மழையில் தெறித்த செம்மண் நட்டுகளைச் சுற்றிக் கீறல் விழாமல் காய்ந்திருக்கிறது. "உந்தச் சில்லைக் கழட்டிப் பாத்தனீரோ?" "ஓம், இண்டைக்குக் காலமை." அவள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஸ்பானரை எடுக்கிறாள். "உங்களுக்கெண்டால் இருபது தாங்கோ." பாதியாக இறங்கிய விலை அவளை இன்னும் கலக்குகிறது. முதல் நட்டு அசைகிறது. மண் பொருக்காக உதிர்கிறது. "பொறுங்கோ அம்மா," ஏரம்புவின் குரல் தாழ்கிறது, "இந்தப் பட்டை வேறை காரின்ரை." அவள் நிறுத்தவில்லை. தன் காரின் பட்டை எப்படி இருக்கிறதென்று இன்னும் ஒருவரும் பார்க்கவில்லையே.