ஈரக் கைகள்

இசக்கியம்மாளின் பெண் குழந்தை பிறந்த வாரத்திலேயே கிருமி தொற்றி இறந்துபோனது. பெரிய டாக்டர் சிதம்பரநாதன் கை கழுவாமல் ஒவ்வொரு குழந்தையாகத் தொட்டுப் போனதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அடுத்த வருடம் பச்சிளங்குழந்தை வார்டைச் சீர்திருத்தினார்கள். கை கழுவாத யாரையும் உள்ளே விடாதிருக்க வாசலில் ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அந்த வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மற்றவர்கள் ஒரு தடவை கழுவினால் விட்டுவிடுவாள். சிதம்பரநாதனை மட்டும் மூன்று தடவை கழுவ வைப்பாள். அவர் கைத்தோல் வெடித்துப்போயிற்று. வார்டில் சாவு குறைந்தது என்று எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஒருநாள் அவர் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார்.

"விடும்மா, உள்ள கிடக்கது என் பேத்தி. மூச்சுத் திணறுதாம்."

"தெரியும் சார். கழுவுங்க."

கழுவிவிட்டு, ஈரக் கைகளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். தன் மகளைத் தொட்ட விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நகக்கண்ணில்கூட அழுக்கில்லை. உள்ளே மானிட்டர் விடாமல் அலறிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை சார்" என்றாள்.

அவர் குழாயைத் திறந்தார்.