மாதம் தவறாத அழைப்பு

போன் அடித்தது. சிவானந்தன் எட்டிப் பார்த்தார். போனின் சின்னத் திரையில் நம்பர் தெரிந்தது.

"தவநாயகி அக்கா. தூக்காதையும்."

மனைவி சுவர்ணா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"பாவம், என்ன அவசரமோ."

"ஒரு அவசரமும் இல்லை. மகனைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டனீங்களோ எண்டு கேட்பா. இல்லை எண்டால் அழுவா. நான் வேலைக்குப் போகவேணும்."

அவர் சொன்னது பொய்யல்ல. தவநாயகி, சிவானந்தனின் பெரியம்மா மகள். புலம்பெயர்ந்து வந்து ஸ்ட்ரெதமில் ஓர் அறையில் தனியாக இருக்கிறார். வன்னியில் நின்ற ஒரே மகனைப் பற்றி, யுத்தம் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு அவருக்கு எந்தத் தகவலும் இல்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்து விசாரிப்பார். முதலில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். பிறகு எல்லோரும் நம்பர் பார்க்கத் தொடங்கினார்கள்.

அன்று பின்னேரம் சுவர்ணா டூட்டிங் கடையில் மரக்கறி வாங்கப் போனாள். கத்தரிக்காய்ப் பெட்டிக்கு அந்தப் பக்கம் தவநாயகி நின்றார். ஒளிய இடமில்லை.

"மச்சாள், காலமை நாங்கள் வெளியில போயிட்டம். அதுதான்..."

"அதுக்கென்ன பிள்ளை. வேலை வெட்டி உள்ள ஆக்கள்." தவநாயகி ஒரு கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல காய்தான். ஆனாலும் திரும்ப வைத்துவிட்டார். "மகனைப் பற்றிக் கேட்க எடுக்கேல்லை. எனக்கு வயித்தில ஒரு கட்டியாம். திங்கட்கிழமை ஒப்பரேசன்."

சுவர்ணா பெட்டியைச் சுற்றி அவர் அருகே வந்தாள்.

"கிட்டின சொந்தம் ஆர், ஏதும் நடந்தால் ஆருக்கு அறிவிக்கிறது எண்டு ஆஸ்பத்திரியில கேட்டவை. நான் சிவாவின்ர பேரைச் சொல்லிப்போட்டன். அவனிட்டை ஒரு வார்த்தை கேட்பம் எண்டுதான் காலமை எடுத்தனான். கேளாமல் குடுத்தது பிழையோ?"

"இவரின்ர பேரையோ?" சுவர்ணா தன்னை அறியாமலே கேட்டுவிட்டாள்.

"வேற ஆர் பிள்ளை? செவன் கிங்ஸில பரமேஸ்வரன் இருக்கிறான், என்ர கூடப்பிறந்தவன். என்ர நம்பரைக் கண்டால் தூக்கமாட்டான். எனக்கு விளங்காதே? நான் என்ன பால்குடியே?" தவநாயகி சிரித்தார். "சிவா அப்பிடியில்லை. மாதம் பிறந்தால் தானாய் எடுப்பான். 'அக்கா, சாப்பிட்டனீங்களோ' எண்டு கேட்பான். கதைக்கத் தொடங்க லைன் அறுந்துபோகும். அதோட விட்டிடுவானோ? உடனே திரும்ப எடுப்பான். ஒரு மாதமும் தப்பினதில்லை. முதலாம் திகதி நான் கோயிலுக்கும் போகாமல் போனுக்குப் பக்கத்தில இருப்பன்."

"என்னட்டை அவர் ஒண்டும் சொல்லேல்லை மச்சாள்."

"சொல்லமாட்டான். செய்யிறதைச் சொல்லித் திரியிற ஆள் இல்லை."

சுவர்ணாவுக்கு முகம் சுட்டது. காலையில் கணவனை மனதுக்குள் கல்நெஞ்சன் என்று திட்டியது நினைவுக்கு வந்தது.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. திங்கட்கிழமை நாங்கள் ரெண்டு பேரும் வருவம்."

"கண் முழிக்கேக்க தெரிஞ்ச முகம் ஒண்டு நிண்டால் எனக்குக் காணும் பிள்ளை" என்றார் தவநாயகி. பெட்டியில் வைத்த கத்தரிக்காயை எடுத்து, சுவர்ணாவின் கூடையில் போட்டார். "இது நல்லது. சிவாவுக்குப் பொரிச்சுக் குடும்."

வீட்டுக்கு வந்ததும் சுவர்ணா புட்டு அவித்தாள். மீன் குழம்பு வைத்தாள். இத்தனை வருடம் ஒரு வீட்டில் வாழ்ந்தும் இந்த மனிதரை அறியாமல் இருந்துவிட்டோமே என்று நினைக்க நினைக்க, அவளுக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது.

சிவானந்தன் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள்.

"தவநாயகி மச்சாளைக் கண்டனான். மாதா மாதம் நீங்கள் போன் எடுக்கிறதைச் சொன்னவ. லைன் அறுந்தாலும் விடாமல் எடுப்பீங்களாம். என்னட்டை ஏன் மறைச்சனீங்கள்?"

"மறைக்க அதில என்ன கிடக்கு?"

"திங்கட்கிழமை அவவுக்கு ஒப்பரேசனாம். வயித்தில கட்டி. கிட்டின சொந்தம் எண்டு உங்கட பேரைத்தான் குடுத்திருக்கிறா. நாங்கள் வாறம் எண்டு சொல்லிப்போட்டன்."

சிவானந்தனின் கை பாதி வழியில் நின்றது.

"என்ர பேரையோ? தம்பிக்காரன் குத்துக்கல்லாட்டம் இருக்க என்னையோ? ஒருக்கா ஒப்புக்கொண்டால் பிறகு எல்லாத்துக்கும் நாங்கள்தான் ஓடவேணும். என்ர பேரை எடுக்கச் சொல்லும்."

"அப்ப, அந்தப் போன்?"

"அதுவோ?" அவர் புட்டைக் குழம்போடு பிசைந்தார். "போன் கோலுக்கு நாங்கள் மலிவான கொம்பனிக்கு மாறினனாங்கள் எல்லே? லைன் மட்டும் பழைய கொம்பனியிட்டை. நம்பர் காட்டுற வசதியை அவங்கள் சும்மா தரவேணும் எண்டால், மாதத்துக்கு ரெண்டு கோலாவது அவங்களுக்கூடாக எடுக்கவேணும். மற்றப் பக்கத்தில ஆரும் தூக்கிக் கதைச்சால்தான் அது கோல். நான் அடிச்ச உடனே தூக்கிறதுக்கு வேற ஆர் இருக்கினம்? ஒருக்கா எடுத்து, வைச்சுப்போட்டு, திரும்ப எடுத்தால் அந்த மாதத்து அலுவல் முடிஞ்சுது."

சுவர்ணா குழம்புச் சட்டியை மூடினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நம்பர் காட்டாட்டில் என்ன வந்திடும்?"

"நல்ல கதை. பிறகு அக்கா எடுக்கிற நேரமெல்லாம் நாங்கள் தூக்க வேண்டி வரும்."