தாளின் பின்பக்கம்

விளக்குப் பெட்டியைப் போட்டுப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

இன்னும் பத்தொன்பது. அதுவரை நான் நாற்காலியை விட்டு எழக்கூடாது.

மதுரை நரம்பு டாக்டர் சொன்னது. தினமும் காலையில் அரை மணி நேரம் இந்த வெள்ளை வெளிச்சத்தின் முன்னால் உட்கார வேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற இந்த நரம்பு நோய் தரும் அசதி சிலருக்கு இதில் குறைகிறதாம். எனக்குக் குறையுமா என்பது அவருக்கும் தெரியாது.

"சிவகாசி வெயிலு பத்தலையாக்கும் ஒனக்கு?" என்று அம்மா முதல் நாளே கேட்டுவிட்டாள்.

வெயிலில் நாலு எட்டு வைத்தால் என் கால்கள் துவண்டுவிடும். இந்த வெளிச்சம் சுடாது. ஆனால் வெறும் வெளிச்சத்தின் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? முதல் வாரம் பத்து நிமிடம் தாண்டவில்லை. அம்மா தெருவில் எல்லோரிடமும் புலம்பினாள்.

அதற்குப் பிறகுதான் சோலைமலை தாள் கொண்டுவர ஆரம்பித்தான். நான் வேலை பார்த்த அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன்.

"மொதலாளி சொல்லிட்டாகக்கா. மாரிசெல்வியக்கா கையெழுத்துப் போட்டாத்தான் காலண்டர் மெசினு ஓடணுமாம்."

ஒன்பது வருடம் அதுதான் என் வேலை. முதலில் வரும் தாளில் நிறம் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பின்பக்க மூலையில் கையெழுத்தும் தேதியும். அங்கே என் மேஜை மேலும் இப்படித்தான் ஒரு வெள்ளை விளக்கு எரியும்.

தாள் வர ஆரம்பித்த இந்தப் பதினெட்டு நாளாகக் கண்ணை மூடினால் அந்த மேஜைதான் வருகிறது. மை வாசனை. மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசுவது. ஆடியில் காலண்டர் சீசன் தொடங்குவதற்குள் வேலைக்குப் போய்விடுவேன். என் நாற்காலி காலியாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாள் ஏன் வீடு தேடி வருகிறது?

இன்று மாரியம்மன் படம். வருடா வருடம் அதே அம்மன்தான். கடைப் பெயர்தான் மாறும், அதுவும் கடைசியில்தான் ஏறும்.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். புடவையின் சிவப்பு, நான் எப்போதும் கேட்டுச் சண்டை போடும் அதே சிவப்பு.

"ஒரு கொறையும் இல்லையேலே. யாரு ஓட்டுனது?"

"நாந்தேன். ஏன், எங்களுக்கெல்லாம் வராதாக்கும்?" என்று சிரித்தான்.

முப்பது நிமிடம் முடிந்து மணி அடித்தது. கையெழுத்துப் போடத் தாளைத் திருப்பினேன்.

மூலையில் ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருந்தது. என்னுடையது. நடுங்காத கோடு.

கீழே போன வருடத் தேதி.

சோலைமலை, அம்மா கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

தாளைப் பழையபடி திருப்பினேன். முன்பக்கத்து வெள்ளை ஓரத்தில், கோணல்மாணலாக, கையெழுத்துப் போட்டேன். படம் வெளியே தெரியும்படி நானே சுருட்டி நீட்டினேன்.

"என்னக்கா, முன்னாடி போட்டுட்டீக?"

"மறந்துட்டேன்லே," என்றேன். "நாளைக்கிக் கொஞ்சம் வெள்ளனவே கொண்டா."