சந்தியா பார்த்தாத்தான் சரி

"கையை எடுங்க! நான் பாக்காம ஒரு போட்டோவும் வாசப்படியைத் தாண்டக்கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லியா?"

இடுப்பில் குழந்தை, கையில் தோசைக் கரண்டி. அடுப்படியிலிருந்து புயலாக வந்த சந்தியா, புருஷன் வெங்கடேசன் நீட்டிய போட்டோவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

வாங்கக் கை நீட்டிய சாந்திமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்தவங்க எதிர்ல புருஷனை இப்படியா!

சாந்திமதி வாட்ஸ்அப்பில் பட்டுப்புடவை விற்பவள். ஒரே புடவை ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு கலராகத் தெரிந்து தொலைக்கிறது. கலர் துளி மாறினாலும் வெளியூர்க்காரர்கள் புடவையைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதனால் போட்டோவாகவே அச்சடித்து அனுப்பலாம் என்று, செவிலிமேட்டில் வீட்டிலேயே பிரிண்டர் வைத்திருக்கும் வெங்கடேசனிடம் இரண்டு புடவைகளோடு மாதிரி பார்க்க வந்திருந்தாள்.

இந்த ஆர்டர் கிடைத்துவிட்டால் வெங்கடேசன் ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். வீட்டோடு தொழில்.

சந்தியா போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் புடவையோடு ஒட்டிவைத்து, கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"ம்... தேவலாம். மாம்பழக் கலர் அப்படியே இருக்குது. அக்காகிட்ட குடுங்க. ஐயோ, என் தோசை!"

ஓடிப்போனாள்.

"ஏன் தம்பி, எப்பவும் இப்படித்தானா?"

"அவ அப்படித்தாங்க்கா," என்று சிரித்தான்.

"நல்லா சிரிச்சிக்கினு இருக்கிறீங்க போங்க! இந்த வேலையெல்லாம் யாரு கத்துக்கினது, நீங்களா அவளா?"

"நான்தாங்க்கா. இதோ பாருங்க." கட்டம் கட்டமாக ஏகப்பட்ட வண்ணங்கள் அச்சான ஒரு தாளை எடுத்தான். கைக்கடக்கமான கருவி ஒன்றை அதன்மேல் நகர்த்த, கம்ப்யூட்டரில் எண்கள் ஓடின. "இந்த பிரிண்டர் இந்தப் பேப்பர்ல எந்தக் கலரை எவ்வளவு மாத்தி அடிக்குதுன்னு இது அளந்து சொல்லிடும். அதுக்கேத்த மாதிரி திருத்திட்டா, புடவை எப்படியோ போட்டோவும் அப்படி."

சாந்திமதி வாயைப் பிளந்தாள். இவ்வளவு விவரமான மனுஷனை ஒரு தோசைக் கரண்டி ஆட்டிவைக்கிறதே!

"அவ வர்றதுக்குள்ள அடுத்ததை அடிச்சு நீங்களே குடுங்க தம்பி. என்ன சொல்லிடறான்னு பாத்துடலாம்."

"வேணாங்க்கா, அவ வந்துடட்டும்..."

"பொண்டாட்டின்னா இம்மாம் பயமா? அடிங்க, நான் இருக்கேன்!"

வெங்கடேசன் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினான். பிரிண்டர் முனகியது. அரக்குச் சிவப்புப் புடவை மெல்ல எட்டிப் பார்த்தது.

அரக்கா அது? குளத்துப் பாசி மாதிரி ஒரு பச்சை!

வெங்கடேசன் அதைப் பக்குவமாக எடுத்து, மேஜைமேல் இருந்த அரக்குப் புடவையோடு சேர்த்துப் பிடித்தான். முகமெல்லாம் பெருமை.

"பாருங்கக்கா, அச்சு அசல்!"

கிண்டல் பண்ணுகிறானோ? இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறான்.

"தம்பி... ரெண்டும் ஒரே கலரா?"

"ஒண்ணேதாங்க்கா. நூலிழை வித்தியாசம் இல்ல."

அதற்குள் சந்தியா வந்துவிட்டாள். போட்டோவைப் பார்த்தாள். சாந்திமதியைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் இருந்த சத்தம் எங்கே போயிற்றோ, குரல் உள்ளுக்குள் இறங்கிவிட்டது.

"அக்கா... சிவப்பு மை வர்ற ஓட்டை அடைச்சிக்கிச்சு. சுத்தம் பண்ணா சரியாயிடும். அவரு அளந்து செட் பண்ணா தப்பே வராதுக்கா. ஆனா மை அடைச்சிக்கினா அவருக்குத் தெரியாது. பொறந்ததுலேர்ந்து அவரு கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். பட்டுப்புடவை ஊர்ல இது தெரிஞ்சா யாருக்கா வேலை குடுப்பாங்க? அதான், மிரட்டற மாதிரி நானே பிடுங்கிப் பாத்துடறேன். பேரு கெட்டா எனக்கே கெடட்டும்னு..."

வெங்கடேசன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுக் காந்தா கேட்டுக்கு வெளியிலிருந்து தலையை நீட்டினாள்.

"இன்னாடி சந்தியா, வந்தவங்க எதிர்லயும் புருஷனை மிரட்டறியா? அப்ப நீ போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு! பாவம்டி அந்த மனுஷன்!"

சந்தியா வாயைத் திறப்பதற்குள் சாந்திமதி முந்திக்கொண்டாள்.

"நீங்க வேறக்கா, இவ மிரட்டறது ஒரு மிரட்டலா? என் மொத்தப் புடவைக்கும் இனிமே தம்பிதான் போட்டோ. நாளையிலேர்ந்து நானும் வந்து சேர்ந்து மிரட்டப்போறேன், பாருங்க!"